மாதம் எத்தனை லிட்டர்?



இந்தச் சொற்பொழிவுக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘நலம் தரும் எண்ணெய் எது?’ அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. உணவு வேதியியல் கற்பிப்பவன் என்று தெரிந்துவிட்டால் போதும், கல்யாணப் பந்தியிலும் ரயிலிலும், துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும்கூட இந்தக் கேள்வி வந்துவிடும். “சார், எந்த எண்ணெய் சார் நல்லது?” இது எல்லோருக்கும் பிடித்த கேள்வி, ஏனென்றால் பதில் கடையில் கிடைக்கும். ஒரு பாக்கெட்டை விட்டு இன்னொரு பாக்கெட்டை எடுத்தால் உடம்புக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டதாக ஒரு திருப்தி. “எவ்வளவு எண்ணெய் சார் நல்லது?” என்று என்னிடம் கேட்டவர்கள் மிகச் சிலர். அதற்குப் பதில் சொன்னால் வாயைக் கட்டவேண்டியிருக்கும். அமைப்பாளர்கள் மன்னிக்க வேண்டும், நான் அந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இப்போது ஐதராபாத்தில் இருக்கிறது. ஆனால் பிறந்தது நம் நீலகிரியில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வுதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெயும் நெய்யும் வெண்ணெயும் எல்லாம் சேர்த்து 27 கிராம் என்று கணக்குச் சொல்கிறது. ஏறக்குறைய 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் அளவில் நிற்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றரை லிட்டர் வருகிறது. தோசைக்கு ஊற்றுவது, தாளிப்பது, அப்பளம் பொரிப்பது, பொங்கலில் விடும் நெய், சாயங்காலம் டீக்கடையில் தின்ற வடை, ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் சாப்பிட்ட பரோட்டா, எல்லாமே அந்த மூன்றரைக்குள் அடங்க வேண்டும்.

நம் வீடுகளில் பால் கணக்கு உண்டு. கேஸ் சிலிண்டர் என்றைக்கு மாட்டினோம் என்று தினசரிக் காலண்டரில் குறித்துவைப்போம். எண்ணெய் மாதம் எத்தனை லிட்டர் ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். “அது பார்த்ததில்லையே” என்பார்கள். எண்ணெய்த் தூக்கில் குறைந்தால் பாக்கெட்டை வெட்டி ஊற்றுவோம், அவ்வளவுதான்.

பொடி இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டின் ஓரத்தில் மிளகாய்ப்பொடியைக் குவித்து, நடுவில் விரலால் குழி பறித்து, அதில் நல்லெண்ணெயை ஊற்றுகிறோம். பொடி குடித்துவிடும். “இன்னும் கொஞ்சம் விடு” என்போம், அதையும் குடித்துவிடும். குழைத்துத் தொட்டுச் சாப்பிட்டு முடிக்கும்போது நான்கு இட்லிக்கு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் போயிருக்கும். காலை எட்டரை மணிக்கே அன்றைய கணக்கு முடிந்துவிட்டது! நல்லெண்ணெய் நல்லதுதான், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி. நெய்யும் அப்படி, ஆலிவும் அப்படி, அரைப்படி எள்ளைக் கொண்டுபோய்க் கண்ணெதிரே ஆட்டி வாங்கிவந்ததும் அப்படித்தான்.

இந்த 27 கிராம் கண்ணுக்குத் தெரிகிற கொழுப்பு மட்டும். தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, வேர்க்கடலையில் பாதியளவு. பாலிலும் உண்டு. கொட்டைகள், வித்துகளுக்கு நாளுக்கு 35 கிராமும், பாலுக்கு 300 மில்லியும் அந்த வழிகாட்டி தனியே ஒதுக்கியிருக்கிறது. எண்ணெயைக் குறைத்தால் கொழுப்பே கிடைக்காமல் மெலிந்துபோவோம் என்று கவலைப்படுபவர்களுக்காக இதைச் சொன்னேன்.

சரி, இப்போது கொடுத்த தலைப்புக்கு வருகிறேன்.

எல்லா எண்ணெயும் மூன்று வகைக் கொழுப்பு அமிலங்களின் கலவை. நிறைவுற்றது, ஒற்றை நிறைவுறாதது, பன்மை நிறைவுறாதது. எந்த விகிதம் என்பதில்தான் வேறுபாடு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைவுற்றது. பாமாயிலில் பாதி. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள், நல்லெண்ணெயில் ஏழில் ஒரு பங்கு அளவு. சூரியகாந்தியில் பன்மை நிறைவுறாத லினோலெயிக் அமிலம் மிகுதி. நல்லெண்ணெயில் ஒற்றையும் பன்மையும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. கடலை எண்ணெயில் ஒற்றையின் கை ஓங்கியிருக்கும். பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். கொலஸ்ட்ரால் விலங்குக் கொழுப்பில் இருப்பது. செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது இல்லை என்றே சொல்லலாம். ‘எலும்பில்லாத கத்தரிக்காய்’ என்று விளம்பரம் செய்வதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

நம் பாரம்பரிய எண்ணெய்களில் ஒரு குறை உண்டு. மேடைகளில் அதை யாரும் சொல்வதில்லை. 1929-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதியர், கொழுப்பே இல்லாத தீனி போட்டு எலிகளை வளர்த்துப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. சில கொழுப்பு அமிலங்களை உடம்பால் தானே செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வரவேண்டும் என்பது அங்கேதான் வெளிப்பட்டது. அவற்றில் இரண்டு நமக்கு முக்கியம்: ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலெயிக், ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக். முதலாவதற்கு நமக்குப் பஞ்சமே இல்லை. இரண்டாவது நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் தேங்காய் எண்ணெயிலும் இல்லை என்றே சொல்லலாம். வங்காளிக்குக் கடுகெண்ணெயில் அது வந்துவிடுகிறது. நம் நாக்கு கடுகெண்ணெயை ஒப்புவதில்லை, சோயா எண்ணெயையும் மனமுவந்து ஏற்கவில்லை. அதனால் மீன் சாப்பிடுகிறவர்கள் வஞ்சிரத்துக்குக் கொட்டிக்கொடுக்காமல் மத்தியும் அயிலையும் வாங்குங்கள், குழம்பாக வையுங்கள். இவற்றின் கொழுப்பில் ஒமேகா-3 நேராகவே கிடைக்கிறது, விலையும் குறைவு. சைவர்கள் ஆளிவிதையை வறுத்து இட்லிப்பொடியோடு சேர்த்து இடிக்கலாம். எண்ணெயை மாற்றித் தீர்க்க முடியாத குறை இது, தட்டில்தான் தீர்க்க வேண்டும்.

நல்லெண்ணெயைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆவக்காயும் எலுமிச்சை ஊறுகாயும் நல்லெண்ணெயில் போட்டால் ஆண்டுக்கணக்கில் சிக்கு வாடை அடிக்காமல் இருப்பது உங்கள் பாட்டிமாருக்குத் தெரியும். எள்ளில் இருக்கும் செசமின், செசமோலின் என்ற பொருள்களும், செசமோலின் சிதைந்து உண்டாகும் செசமால் என்ற பொருளும் அதற்குப் பெரிய காரணம். எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெடுவதைச் செசமால் தடுக்கிறது. இதே செசமால் ஆய்வுக்கூடத்தில் ஒரு காவல்காரன் வேலையும் பார்த்தது.

1937-இல் டால்டா வந்தது. தாவர எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றி நெய்போல உறையவைத்த வனஸ்பதி. வெள்ளையாக, மணல்மணலாக, நெய்யின் விலையில் சிறு பங்கில் கிடைத்தது. உடனே நெய்யில் கலப்படம் தொடங்கிவிட்டது. கண்டுபிடிப்பது எப்படி? எல்லா வனஸ்பதியிலும் குறைந்தது 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். அந்த நல்லெண்ணெயைக் காட்டிக்கொடுக்கும் சோதனையை உணவு ஆய்வுக்கூடத்தில் போடுவான் சோதனை என்பார்கள். உருக்கிய நெய்யைக் குழாயில் எடுத்து, அதே அளவு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, சில சொட்டு ஃபர்ஃபியூரால் கரைசல் விட்டு இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். அடியில் தேங்கும் அமிலம் ரோஜாச் சிவப்பாக மாறும். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஃபர்ஃபியூராலே அமிலத்தோடு கொஞ்சம் நிறம் காட்டும். தண்ணீர் விட்டு மறுபடி குலுக்க வேண்டும். அப்போதும் சிவப்பு நின்றால் செசமால் இருக்கிறது, செசமால் இருந்தால் நல்லெண்ணெய் இருக்கிறது, நல்லெண்ணெய் இருந்தால் அந்த நெய்யில் வனஸ்பதி இருக்கிறது. மனையியல் துறை மாணவிகளான நீங்கள் உங்கள் ஆய்வுக்கூடத்திலேயே செய்து பார்க்கலாம். அமிலத்தைக் கையாளும்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு! ஆனால் அத்தனை கெட்டிக்காரத்தனமும் நெய் வாங்குபவர் ஏமாறக்கூடாது என்பதற்காக. வனஸ்பதியையே விரும்பி வாங்கிச் சாப்பிடுபவருக்கு என்ன ஆகும் என்று சட்டம் வெகுகாலம் கேட்கவில்லை. ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அமெரிக்காவில் ஃப்ரெட் கம்மெரோ என்ற வேதியியலாளரின் குழு, மனிதத் திசுக்களில் இந்தக் கொழுப்பு படிந்திருப்பதை 1957-இலேயே காட்டியது. 1990-இல் நெதர்லாந்தின் மென்சிங்கும் கட்டானும், அது கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதை இறக்குகிறது என்று நிறுவினார்கள். டென்மார்க் 2003-இல் சட்டம் போட்டது. இந்தியா 10 விழுக்காடு, 5 விழுக்காடு, 3 விழுக்காடு என்று படிப்படியாக இறங்கி, 2022 ஜனவரியில்தான் 2 விழுக்காட்டுக்கு வந்தது. கம்மெரோ தம் 100 வயதுக்கு மேலும் இருந்து, அமெரிக்க அரசின் தடை முடிவை 2015-இல் கண்ணால் பார்த்தார். எல்லா ஆராய்ச்சியாளருக்கும் அந்தக் கொடுப்பினை இராது.

டிரான்ஸ் கொழுப்புக் குறைந்துவிட்டதால் பேக்கரிப் பண்டம் நல்லதாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பஃப்ஸ் அடுக்கடுக்காகப் பிரிந்து வர உறைந்த கொழுப்பு வேண்டும். முன்பு வனஸ்பதி செய்ததை இப்போது பெரும்பாலும் பாமாயிலிலிருந்து பிரித்தெடுக்கும் கெட்டிக் கொழுப்பு செய்கிறது. அது நிறைவுற்ற கொழுப்பு.

அடுத்து, மரச்செக்கு. ‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்ற பழமொழியை இன்று தெருவுக்குத் தெரு செக்கு எண்ணெய்க் கடைப் பலகையில் காண்கிறோம். வாகை மரச் செக்கில் கருப்பட்டி போட்டு ஆட்டிய எண்ணெயின் மணத்துக்கு நானும் அடிமைதான். சூடேறாமல் ஆட்டுவதால் வைட்டமின் ஈ-யும், எள்ளென்றால் நான் சொன்ன செசமின் முதலியவையும் தங்குகின்றன. அதுவரை சரி. ஆனால் ரீஃபைண்ட் எண்ணெய் என்றாலே விஷம், செக்கு எண்ணெய் என்றாலே மருந்து என்று மேடை போட்டுப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். ரீஃபைண்ட் எண்ணெயைப் பெரும்பாலும் ஹெக்சேன் கரைப்பானால் பிரித்தெடுத்து, பசை நீக்கி, காஸ்டிக் சோடாவால் புளிப்பை முறித்து, களிமண்ணால் நிறம் எடுத்து, வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் நீராவி பாய்ச்சி வாடையைப் போக்குகிறார்கள். இதில் சில நல்ல பொருள்கள் போய்விடுகின்றன. அந்தச் சூட்டில் வேண்டாத சேர்மங்கள் சில, பாமாயிலில் சற்றுக் கூடுதலாகவே, உண்டாகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அவற்றுக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அதே காரமும் களிமண்ணும்தான் வேர்க்கடலையில் பூஞ்சையால் வரும் அஃப்லடாக்சின் நஞ்சையும் நீக்குகின்றன. செக்கில் அந்த வசதி இல்லை. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் நஞ்சில் ஒரு பகுதி எண்ணெயோடு வரும். ஆகவே செக்குக்காரரிடம் எண்ணெயைப் பார்க்குமுன் கடலையைப் பாருங்கள். சுருங்கியது, கறுத்தது, உடைந்தது கலந்திருந்தால் அந்தக் கடை வேண்டாம். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து, கடை வாசல் வெயிலில் பளபளவென்று அடுக்கிவைத்திருக்கிறார்களே, அதையும் வாங்காதீர்கள். வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும். கொஞ்சமாக வாங்கி, மூடிய பாத்திரத்தில் இருட்டில் வைத்து, இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் பற்றிப் பேசினால் நாகர்கோவிலிலும் பொள்ளாச்சியிலும் எனக்குச் சாப்பாடு கிடைக்காது. ஆனாலும் பேசுகிறேன். அதற்கு முன், எந்த மாதிரி ஆய்வை நம்புவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1967-இல் ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா, இந்திய ரயில்வே ஊழியர்களிடையே இதயநோயை ஆராய்ந்து ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ இதழில் எழுதினார். நெய்யும் பால் கொழுப்பும் மிகுதியாக உண்ணும் பஞ்சாபியரைவிட, கொழுப்பே குறைவாக உண்ட சென்னைப் பக்கத்து ஊழியர்களுக்கு இதயநோய் பல மடங்கு அதிகம் என்றார். நெய் வியாபாரத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது. ஆனால் இரண்டு ஊர் மக்களிடையே எண்ணெய் ஒன்றுமட்டுமா வேறுபடுகிறது? அரிசி, கோதுமை, பால், புகையிலை, செய்யும் வேலை எல்லாமே வேறு. ஒரே ஆட்களுக்கு எண்ணெயை மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் சோதனைகளுக்குத்தான் நான் கூடுதல் மதிப்புத் தருவேன். அப்படிப்பட்ட சோதனைகளைத் தொகுத்து 2020-இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் வந்த ஆய்வு, பாமாயில் போன்றவை நீங்கலாக மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் கூட்டுகிறது என்றது. கொச்சியில் இதயநோயாளிகள் சுமார் 200 பேருக்கு இரண்டு ஆண்டுகள் தேங்காய் எண்ணெயோ சூரியகாந்தியோ கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் தீர்ப்பு இது: அவியல் மேல் ஒரு கரண்டி பச்சையாக விடுங்கள், மணக்கட்டும். தினமும் வறுப்பதற்கும் பொரிப்பதற்கும் அதையே வைத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே கொலஸ்ட்ரால் கூடியவர்கள் அந்தக் கரண்டியையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதையொட்டி ஒரு அரசியல். நியாய விலைக் கடைகளில் 2007-இலிருந்து பாமாயில் மானிய விலையில் கிடைக்கிறது. அதை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ கொடுங்கள் என்று விவசாயிகள் போராடுகிறார்கள். உள்ளூர் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, நானும் ஆதரிக்கிறேன். ஊட்டச்சத்துக் கண்ணால் பார்த்தால் கடலை எண்ணெய் பாமாயிலைவிடத் தெளிவாக மேல். பாமாயிலுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்பதை மட்டும் இதய நலத்தின் பெயரால் கேட்கக்கூடாது, பாதி நிறைவுற்ற கொழுப்பை விட்டு 90 விழுக்காட்டுக்குப் போவது அது.

‘அப்படியானால் எதைத்தான் வாங்குவது’ என்கிறீர்களா? கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தவிட்டெண்ணெய், இவற்றில் இரண்டை மாற்றி மாற்றி வையுங்கள். தாளிக்கவும் வறுக்கவும் கடலையோ தவிடோ, குழம்புக்கும் பொடிக்கும் நல்லெண்ணெய். நெய் ஒரு தேக்கரண்டி. ஆலிவ் எண்ணெய் நல்ல எண்ணெய்தான், ஆனால் அந்த விலைக்கு நமக்கு அவசியமில்லை. கலப்பு எண்ணெய் வாங்கினால் பாக்கெட்டில் சிறிய எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். ஒவ்வோர் எண்ணெயும் குறைந்தது 20 விழுக்காடு இருந்தால் போதும் என்பது விதி. முன்பக்கத்தில் படம் போட்ட எண்ணெய் அந்த இருபதாகவும், பெயர் சிறிதாக அச்சான எண்ணெய் எண்பதாகவும் இருக்கலாம்.

மிஞ்சியிருப்பது வாணலி. நல்ல எண்ணெயைக் கெட்ட எண்ணெயாக்கும் இடம் அது. பஜ்ஜிக் கடை வாணலியை மாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் நின்று பாருங்கள். ஐந்து மணிக்கு மாவு விழுந்ததும் பெரிய குமிழிகள் எழுந்து உடனே உடையும். எட்டு மணிக்கு அதே எண்ணெய் கறுத்து, தொட்டால் பிசுபிசுப்பாகி, பொடிக் குமிழிகள் நுரையாகக் கட்டி வாணலி விளிம்புவரை ஏறி நிற்கும். எண்ணெய் சிதைந்து பிறந்த முனைவுச் சேர்மங்களின் வேலை அது. மொத்த எண்ணெயில் அவை 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. எண்ணெயில் முக்கினால் நொடியில் எண் காட்டும் கருவியும் இருக்கிறது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிப்பவர்கள் பழைய எண்ணெய்க்குக் கணக்கு எழுதி, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் கொடுக்க வேண்டும், அது பயோடீசலாகப் போகும். இதற்கெல்லாம் கணக்குக் கேட்க ஆள் இல்லாவிட்டால், பெரிய ஓட்டலின் பழைய எண்ணெய் பாதி விலைக்குச் சின்னக் கடையின் வாணலிக்குத்தான் இறங்கும். வீட்டிலும், பூரி சுட்ட எண்ணெயை வடிகட்டி மறுநாள் தாளிப்பில் ஒரே தடவையில் தீர்த்துவிடுங்கள். திரும்பவும் பொரிக்க வைக்காதீர்கள்.

மாணவிகளே, உங்கள் விடுதியில் இருநூறு பேர் சாப்பிடுவதாக முதல்வர் அவர்கள் சொன்னார்கள். ஆளுக்கு 27 கிராம் வீதம் அந்த அடுக்களைக்கு நாளுக்கு 6 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே எண்ணெய் தேவை. உண்மையில் எத்தனை டின் உடைக்கிறார்கள், பொரித்த எண்ணெயை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், பிறகு யாருக்கு விற்கிறார்கள் என்ற மூன்று விவரங்களையும் இந்த மாதம் உங்கள் துறை கேட்டுக் குறித்து, விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். விடுதிக் காப்பாளர் கோபித்துக்கொள்ளக்கூடாது என்று அவர் முன்னிலையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.